ஓட்டு இல்லாதவர்கள் வெளியே

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் சார். எனக்குக் காற்று ஆகாது. தாலுகா ஆபீஸ் ஸ்டாப்பிங்தானே நீங்களும்? நல்லதாகப் போயிற்று, பேசிக்கொண்டே போகலாம்.

என்னை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது, இல்லையா? டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். எம்.எல்.ஏ.க்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து கடலோரம் ஒரு ரிசார்ட்டில் வைத்திருந்தார்களே, அந்தக் கூத்து நடந்தபோது கேட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கையைக் காட்டிக் காட்டிக் கார்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருப்பார். நான்தான் அது. கூடலம்பாக்கம் பிரசிடெண்ட்.

பிரசிடெண்ட் என்றால், சட்டப்படி என் மனைவி. பூங்காவனம். எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள், என்ன செய்வது? போஸ்டரில் அவள் படம் சின்னதாக, என் படம் பெரியதாக. ஏகாம்பரம் நிற்கிறான் என்றுதான் ஊர் ஓட்டுப் போட்டது. ஜெயித்த அன்று மாலையும் எனக்குத்தான் விழுந்தது. அவளுக்குப் பூவாசனை என்றால் தும்மல் வரும். ஆபீஸ் நாற்காலியில் நான் உட்காருவேன். ஃபைல் வீட்டுக்கு வரும். நான் விரல் வைத்த இடத்தில் அவள் கையெழுத்துப் போடுவாள். மாவு பிசைந்துகொண்டிருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போடுவாள். இது என்ன என்று ஒரு நாள் கேட்டதில்லை சார். அப்படி ஒரு குடும்பம்.

நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கட்சி இரண்டாக உடைந்த நேரம். எந்தப் பக்கம் எத்தனை பேர் என்று கட்சிக்காரர்களுக்கே தெரியாது. காலையில் இந்தப் பக்கம் கண்ணீர் விட்டவர் சாயங்காலம் அந்தப் பக்கம் டீ குடிப்பார். சட்டசபையில் நம்பிக்கை வாக்கெடுப்பு வரும்வரை ஆட்களைச் சிந்தாமல் சிதறாமல் வைத்திருக்க வேண்டும். எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. அரிகிருஷ்ணன்தான் எங்கள் ஊர் ரிசார்ட்டைச் சொல்லியிருக்கிறார். இரண்டு பெரிய பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். செல்போனைப் பிடுங்கிவிட்டார்கள் போலிருக்கிறது, எல்லோரும் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அரிகிருஷ்ணன் நேரே என்னிடம் வந்து தோளில் கை போட்டார்.

"ஏகாம்பரம், உன்ன நம்பித்தான் உள்ள போறோம். ஈ, காக்கா வரக்கூடாது."

ஒரு எம்.எல்.ஏ. தோளில் கை போடுவது என்றால் என்ன என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அது இறங்கிய பிறகும் அந்த இடம் கனமாகவே இருக்கும்.

அடுத்த தேர்தலில் எனக்குப் பக்கத்துப் பேரூராட்சியில் தலைவர் சீட்டு என்று முன்பே சொல்லியிருந்தார். அது ஆண்கள் நிற்கக்கூடிய இடம். அதற்காக என் ஓட்டைக்கூட அங்கே மாற்றியாயிற்று, மைத்துனர் வீட்டு விலாசத்தில். சரி, அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊரில் இரண்டு பகுதி. மெயின் ரோட்டை ஒட்டி மேட்டுத் தெரு, எங்கள் வீடெல்லாம் அங்கே. கடலை ஒட்டி மீனவர் குப்பம். குப்பத்துக்குப் போக ஒரே ரோடு, அது ரிசார்ட் மதில் ஓரமாகப் போகிறது. அதை மூடச் சொன்னார்கள். மீன் வண்டியில் எதிர்த் தரப்பு ஆட்கள் ஒளிந்து வந்து எம்.எல்.ஏ.க்களைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்களாம். மூடினேன். போலீஸ் தடுப்பு வந்தது, தடுப்புக்கு முன்னால் கட்சி ஆட்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஊராட்சி ரோடுதானே, நான் சொன்னால் சரி.

குப்பத்துக்காரர்கள் சவுக்குத் தோப்பைச் சுற்றி, உப்பங்கழியில் இறங்கி நடந்து வரலாம். இடுப்பளவு தண்ணீர்தான். ஐஸ் வண்டி போகாது, மீன் ஏற்றுகிற வண்டி போகாது, அது உண்மை. படகெல்லாம் கரையில் ஏறிவிட்டது. ஆனால் எத்தனை நாளைக்கு? நாட்டையே ஆளப்போகிறவர்கள் உள்ளே இருக்கிறார்கள். கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் என்ன?

தண்ணீரும் அப்படித்தான். ரிசார்ட்டில் அத்தனை பேர் குளிக்க வேண்டும், கூட வந்த ஆட்கள் குளிக்க வேண்டும். ஊர்த் தொட்டியிலிருந்து ஒரு பைப்பைத் திருப்பிவிட்டேன். மேட்டுத் தெருப் பெண்கள் குழாயடியில் முணுமுணுத்தார்கள் என்று கேள்வி. எனக்கு ஒன்றும் குறை தெரியவில்லை. என் வீட்டில் காலையில் எழுந்தால் வெந்நீர் தயாராக இருக்கும், எப்போதும்போல. பூங்காவனம் விடியுமுன் குடத்தோடு எங்கேயோ போய் வருகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அவளுக்கு நடப்பதில் விருப்பம் சார், உடம்புக்கும் நல்லது.

நான் பகல் முழுக்க ரிசார்ட்டில். உள்ளே ஒரே பயம். சீட்டு ஆடும்போதுகூட ஒருவர் எழுந்து பாத்ரூம் போனால் இரண்டு பேர் கூடப் போவார்கள். அப்படி ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். சோற்றைப் போட்டுவிட்டுப் பூங்காவனம் சொன்னாள்:

"குப்பத்திலருந்து வந்திருந்தாங்க. கிராம சபைக் கூட்டம் போடச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காங்க."

"யாரு?"

"தேசம்மா. கூட ஒரு அம்பது அறுவது பொம்பளைங்க. எல்லாரும் கையெழுத்து, கைநாட்டு."

தேசம்மா என்பவள் குப்பத்தில் மீன் ஏலம் கூவுகிறவள். அவள் தொண்டையைத் திறந்தால் கடலில் இருக்கிற படகு திரும்பிப் பார்க்கும்.

"தூக்கி அடுப்புல போடு" என்றேன்.

"வாங்கிட்டேனே. சீல் போட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன்."

சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொல்கிறாள் சார். அப்பளம் வேணுமா என்கிற மாதிரி.

நம் ஊர்ப் பெண்களுக்குக் கையெழுத்துப் போட்டுப் பழக்கிவிட்டதால் வந்த வினை. ஊராட்சிச் செயலர் வேதகிரியைக் கூப்பிட்டேன். அவன் பயந்த ஆள், பேசுவதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பான். துடைத்தான்.

"அண்ணே, போதுமான வாக்காளருங்க எழுதிக் கேட்டா கூட்டம் போட்டுத்தான் ஆகணும். தலைவரு போடலன்னா கலெக்டரு போடுவாரு. டி.வி.காரன் வேற வெளியவே நிக்கிறான்."

"கூட்டத்துல இன்னா கேக்கப் போறாங்க?"

"ரோடத் திறக்கணும்னு தீர்மானம். ரிசார்ட்டுக்குப் போற ஊர்த் தண்ணிய நிறுத்தணும்னு இன்னொன்னு. கிராம சபையில ஜனங்க நிறைவேத்திட்டா அதை மாத்த நமக்கு அதிகாரம் இல்லண்ணே."

அதுவரைக்கும் கிராம சபை என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று வந்தால் நூறு நாள் வேலைப் பெண்களை உட்கார வைப்போம், வேதகிரி முதல் நாளே எழுதி வைத்த தீர்மானத்தை வாசிப்பான், கை தட்டுவார்கள், மிக்சர் பொட்டலம் கொடுப்போம். அதற்குள் இப்படி ஒரு கத்தி இருக்கிறது என்று யார் கண்டது?

ரிசார்ட்டுக்கு ஓடினேன். அரிகிருஷ்ணன் முதலில் வெளிறிப்போனார். தண்ணீர் நின்றால் ஆட்கள் ஊருக்குப் போகிறேன் என்பார்கள். ஒருவர் கிளம்பினால் நாலு பேர் கிளம்புவார்கள். நாலு பேர் கிளம்பினால் ஆட்சி கிளம்பிவிடும். பிறகு அவரே சிரித்தார்.

"கூட்டத்த வைய்யா. நீ பிரசிடெண்டு. நம்ம ஆளுங்களக் கொண்டுவந்து ரொப்பு. அவங்க கை பத்து தூக்கினா நம்ம கை நூறு தூக்கட்டும். தீர்மானம் தோத்துச்சின்னு எழுதிக்க. அப்புறம் எவன் கேக்கப் போறான்?"

எனக்கு அதைவிட நல்ல யோசனை வந்தது. இதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள். கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தேன். ஏன் தெரியுமா? குப்பத்துப் பெண்கள் விடியும்போதே கூடையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக மீன் விற்கப் போய்விடுவார்கள், திரும்ப மத்தியானம் ஆகும். ஆண்கள் கடலிலிருந்து திரும்பியிருக்க மாட்டார்கள். பத்து மணிக்குக் குப்பத்தில் நாய்தான் இருக்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேனே! எத்தனை வருடக் கணக்கு அது!

செவ்வாய்க்கிழமை காலை சமுதாயக் கூடத்துக்கு வந்து பார்த்தால், உள்ளே உட்கார இடம் இல்லை. குப்பம் மொத்தமும் வந்திருக்கிறது. ஆண், பெண், கிழவர், கைக்குழந்தை. எல்லோருடைய துணியும் இடுப்புக்குக் கீழே ஈரம். உப்பங்கழியில் நடந்து வந்திருக்கிறார்கள். தரையெல்லாம் சேறு.

வேதகிரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என் காதில் சொன்னான்: "அண்ணே, ரோடு மூடினதுலருந்து அவங்களுக்கு மீனும் இல்ல, யாவாரமும் இல்ல. வீட்லதானே இருக்காங்க."

இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டாமா அவன்? கூட இருக்கிறவர்கள் சரியில்லை என்றால் நாம் என்ன செய்ய முடியும்?

நம் ஆட்களும் வந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ரிசார்ட் வாசலிலிருந்து ஒரு வேன் நிறைய. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் தலைவர் படம். சுவர் ஓரமாக வரிசையாக நின்றுகொண்டார்கள். அவர்கள் நின்றதும் கூடத்தில் பேச்சுக் குறைந்தது. ஒரு குழந்தை அழுதது, அதன் தாய் வாயைப் பொத்தினாள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

மேடையில் பூங்காவனம். ஒன்றிய அலுவலகத்திலிருந்து கூட்டத்தைக் கவனிக்க வந்த அதிகாரி ஒருவர். பக்கத்தில் நான். அவள் கையில் நான் எழுதிக் கொடுத்த தாள். நாட்டின் தற்போதைய சூழ்நிலையை முன்னிட்டு இந்தப் பொருள் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது. இரண்டே வரிதான். வாசித்துவிட்டு எழுந்து வா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டிலேயே சொல்லியிருந்தேன். தலையை ஆட்டினாள்.

எழுந்தாள். மைக்கில் அந்தத் தாளின் சரசரப்புதான் முதலில் கேட்டது.

"நாட்டின் தற்போதைய சூழ்நிலையை..." என்று ஆரம்பித்தாள்.

"எம்மா பிரசிடெண்டு!" தேசம்மா எழுந்துவிட்டாள். "நாட்டப் பத்தி அப்புறம் படி. முன்னால ஒரு கேள்வி. சொவத்தோரம் நிக்கிறாங்களே பொண்ணு பாக்க வந்த மாதிரி, இவங்கல்லாம் நம்மூர்ல எந்தத் தெரு?"

கூடம் சிரித்தது. வெள்ளைச் சட்டைகளில் ஒருவன், பெரிய ஆள், கழுத்தில் சங்கிலி, முன்னால் வந்தான்.

"ஏய் கெழவி, உக்காரு. எம்மாம் பெரிய இடத்து விசயம் தெரியுமா இது?"

"பெரிய எடந்தான்டா. எங்க எடம். நீ எந்த எடம், சொல்லு."

அவன் கையை ஓங்கினான். குப்பத்து ஆண்கள் அப்படியே எழுந்தார்கள் சார். ஒரு சத்தம் இல்லை. அலை எழும்புமே, உடைவதற்கு முன்னால் ஒரு கணம் அப்படியே நிற்குமே, அந்த மாதிரி. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கவிழ்ந்தது. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு வார்த்தை விழுந்தால் தலை உடையும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து மைக்கை வாங்கக் கையை நீட்டினேன்.

பூங்காவனம் கொடுக்கவில்லை.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இந்த ஊர்ல ஓட்டு இல்லாதவங்க வெளிய போயிடணும்."

அவ்வளவுதான் சொன்னாள். சத்தமாகக்கூட இல்லை. அந்த அதிகாரி, நோஞ்சான் மனிதர், அதுவரை தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தவர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "விதி அதுதான். சபையில ஊர் வாக்காளருங்க மட்டுந்தான் உக்காரணும்" என்றார்.

சங்கிலிக்காரன் என்னைப் பார்த்தான். வெள்ளைச் சட்டை எல்லாமே என்னைத்தான் பார்த்தது. என்ன சொல்வது? டி.வி.காரன் வாசலில் கேமராவோடு. கண்ணைக் காட்டினேன், இப்போதைக்குப் போங்கள் என்று. முனகிக்கொண்டே போனார்கள்.

நான் உட்கார்ந்தேன். வியர்வையைத் துடைத்தேன்.

"எம்மா பிரசிடெண்டு" என்றாள் தேசம்மா மறுபடியும். இந்த முறை மெதுவாக. "நீ சொன்னது எல்லாருக்கும் சேத்துத்தானே?"

யாரும் சிரிக்கவில்லை. என் ஓட்டு மாறிய விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும்? மீன்காரிகள் எல்லா வீட்டு வாசலிலும் உட்காருகிறவர்கள், என் மைத்துனர் வீட்டு வாசல் உட்பட. கூடம் முழுக்கப் பூங்காவனத்தைப் பார்த்தது. நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவரைத் தவிர என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஒரே ஒரு வார்த்தை. வேறு எந்த மனைவியும் சொல்லியிருப்பாள்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. மேஜை விரிப்பின் ஓரத்தை விரலால் நேராக்கினாள்.

"எல்லாருக்குந்தான்" என்றாள்.

என் செருப்பைத் தேட எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? அத்தனை ஈரச் செருப்புகளுக்கு நடுவில் என்னுடையது மட்டும் உலர்ந்து கிடந்தது. அதுகூடக் கண்ணில் படவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். வெள்ளைச் சட்டைகள் பக்கத்தில் நின்று பீடி பற்ற வைத்தார்கள். சங்கிலிக்காரன், "இன்னா தலைவரே, உங்களுக்கே ஓட்டு இல்லியா?" என்றான். கூடத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். கூரையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் மட்டும் பேசியது. நான்தான் நல்லதாகப் பார்த்துக் கட்டச் சொன்னேன், ஊருக்கெல்லாம் கேட்க வேண்டும் என்று.

தேசம்மா பேசினாள். ஐஸ் இல்லாமல் அழுகிய மீனைக் கடலிலேயே கொட்டியதைச் சொன்னாள். நிறைமாதக்காரி ஒருத்தியைக் கட்டிலில் வைத்துக் கழியைத் தாண்டிக் கொண்டுவந்ததைச் சொன்னாள். அது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. பிறகு மேட்டுத் தெருப் பெண் ஒருத்தி எழுந்தாள். எங்கள் தெருக்காரி! குப்பத்து ரோட்டுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? அவள் தண்ணீரைச் சொன்னாள். "அவங்க சோப்புப் போட்டுக் குளிக்க நாங்க ராத்தூக்கம் கெட்டுக் கொடம் தூக்கறோம். தோ, மேடையில இருக்கிற பிரசிடெண்டம்மாவே எங்ககூட வந்துதான் தூக்குறாங்க, கேளுங்க." மேட்டுத் தெருவும் குப்பமும் ஒரு கல்யாணப் பந்தியில்கூடச் சேர்ந்து உட்கார்ந்ததில்லை சார்.

அப்புறம் வேதகிரி தீர்மானத்தை வாசித்தான். ஊராட்சி ரோட்டை உடனே திறப்பது. திறக்கும்வரை ரிசார்ட்டுக்கு ஊர்த் தண்ணீரை நிறுத்துவது. எங்கள் ஓட்டில் ஜெயித்த எம்.எல்.ஏ. ஊராரைச் சந்தித்து, யார் பக்கம் இருக்கிறார், ஏன் இருக்கிறார் என்று சொல்வது. மூன்றாவதைக் கேட்டதும் ரிசார்ட் பக்கம் திரும்பிப் பார்த்தேன். இதை யார் எழுதிக் கொடுத்தார்கள்?

"ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றது ஸ்பீக்கர். பூங்காவனத்தின் குரல்.

கை தூக்குவதற்குச் சத்தம் கிடையாது. அதுதான் கஷ்டம். எத்தனை பேர் தூக்கினார்கள், யார் தூக்கினார்கள், வெளியே நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது ஒன்று கேட்டது. வளையல் சார். கண்ணாடி வளையல். அத்தனை பெண்களும் ஒன்றாகக் கையைத் தூக்கினால் வளையலெல்லாம் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குச் சரியும் இல்லையா, அந்தச் சத்தம். மழை வருவதற்கு முன்னால் தென்னை ஓலையில் முதல் சொட்டுகள் விழுமே, அப்படி. மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில், ஒரு ஜோடி தனியாகக் கேட்டது. மேடையில் வளையல் போட்டவள் ஒருத்திதான்.

"எதிர்க்கிறவங்க?"

யாரோ இருமினார்கள். அவ்வளவுதான்.

கதவு திறந்ததும் என்னிடம் வருவார்கள் என்று நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் நேரே ரிசார்ட் ரோட்டைப் பார்த்து நடந்தார்கள். முன்னால் பூங்காவனம், கையில் தீர்மானம், பக்கத்தில் தேசம்மா. வழியில் தண்ணீர்த் தொட்டிக்காரனிடம் பூங்காவனம் ஏதோ சொன்னாள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான், பிறகு சாவியை எடுத்துக்கொண்டு தொட்டியை நோக்கி ஓடினான்.

நான் பின்னாலேயே ஓடினேன். அவளுக்கு என்ன தெரியும் சார், போலீஸிடம் பேச? தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர், லத்தியோடு ஒரு வரிசை. இந்தப் பக்கம் ஈரப் புடவையோடு இத்தனை பெண்கள். வெள்ளைச் சட்டைகள் கையில் இப்போது சவுக்குக் கட்டை. பூங்காவனத்தின் ரவிக்கை முதுகெல்லாம் வியர்வை. கூப்பிடுவாள், இப்போது திரும்பி என்னைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் தாளை வாங்கவே இல்லை. "யம்மா, வீணா பிரச்சனை பண்ணாதீங்க. மேலிடத்து உத்தரவு. உங்க வீட்டுக்காரரு எங்க? அவரக் கூப்பிடுங்க, நாங்க பேசிக்கறோம்."

நான் கையைத் தூக்கிக் காட்டினேன், இதோ இருக்கிறேன் என்று.

"அவருக்கு இந்த ஊர்ல ஓட்டு இல்ல சார்" என்றாள் பூங்காவனம்.

தூக்கிய கையை எங்கே வைப்பது? தலையைக் கோதிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸில் பேசினார். அவருக்கு யார் உத்தரவு கொடுப்பது என்பதே அன்றைக்குச் சந்தேகம். நாளைக்கு யார் ஆட்சி என்று தெரியாமல் எந்த அதிகாரி அடிக்கச் சொல்வார்? கேமரா வேறு. வெயில் ஏறியது. யாரும் உட்காரவில்லை. கால் மணி நேரமோ என்னவோ. உள்ளே கூச்சல் கேட்டது. மாடியில் ஒருவர் முகமெல்லாம் சோப்பு நுரையோடு வெளியே வந்து, "தண்ணி வரல! யாருய்யா நிறுத்தினது?" என்று கத்தினார். எந்த ஊர் எம்.எல்.ஏ.வோ, பாவம். தேசம்மா கீழேயிருந்து ஏலம் கூவுகிற தொண்டையில் குரல் கொடுத்தாள்: "நாங்கதான் சாமி! கழித் தண்ணி வேணும்னா எடுத்தாரவா? இடுப்பளவு கீது!"

போலீஸ்காரர்களே சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு லத்தி பிடிப்பது கஷ்டம்.

அப்புறம் அரிகிருஷ்ணன் வந்தார். தோளில் துண்டு. வந்த நாளிலிருந்து முதல் முறையாக அந்தக் கேட்டுக்கு வெளியே கால் வைத்தார். கும்பிட்டார். "என்னம்மா வேணும்? சொல்லுங்க, தங்கச்சிங்க கேட்டு நான் மாட்டேன்னா சொல்லுவேன்?"

பூங்காவனம் தாளை நீட்டினாள். "மூணு இருக்குது. மொத ரெண்டும் ரோடும் தண்ணியும். மூணாவது நீங்கதான்."

அவர் தாளைப் படித்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஊரையே வைத்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். "எடுத்துடுங்க" என்றார் இன்ஸ்பெக்டரிடம். தடுப்பை இழுத்தார்கள். இரும்பு ரோட்டில் உரசுகிற சத்தம். முதலில் ஒரு ஐஸ் வண்டி போயிற்று. மூன்றாவதற்கு அவர் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. அது உடனே முடியாது என்று ஊர்க்காரர்களுக்கும் தெரியும். ஆனால் சட்டசபை முடிந்து அவர் தொகுதிக்கு வந்தபோது அதே தாளின் நகலோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆட்சி நின்றதா விழுந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள், பேப்பரில் நீங்கள் படித்திருப்பீர்கள். என் பேரூராட்சி சீட்டு விழுந்தது. அது பேப்பரில் வரவில்லை.

வீட்டில் சண்டையா என்று கேட்கிறீர்களா? சண்டையே இல்லை சார். சோறு அதேதான், வெந்நீரும் அதேதான். காலையில் எனக்கு முன்னால் கிளம்பி ஆபீசுக்குப் போய்விடுகிறாள், அதுதான் வித்தியாசம். நான் போனால் உட்கார இடம் இல்லை. இரண்டு நாள் போய் நின்று பார்த்தேன். வேதகிரி, "அண்ணே, டீ சாப்பிடறீங்களா?" என்றான். விருந்தாளியைக் கேட்கிற மாதிரி.

அதனால்தான் இப்போது தாலுகா ஆபீசுக்குப் போகிறேன். என் ஓட்டை ஊருக்கே திரும்ப மாற்ற வேண்டும். எனக்கென்று ஒரு ஊர் வேண்டாமா? வீடு மாமனார் கட்டியது, கரண்டு பில் அவர் பெயரில். அதனால் நான் இந்த ஊரில்தான் குடியிருக்கிறேன் என்று ஊராட்சித் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். எத்தனை பேருக்கு அந்தக் கடிதம் நான் கொடுத்திருப்பேன்! ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். "காலையில ஆபீசுக்கு வாங்க" என்றாள்.

போனேன். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் தேசம்மா, அவள் மகளுக்கு ஏதோ சான்றிதழ். திரும்பிப் பார்த்து, "வா பெரியவரே, கால் நோவுதா?" என்றாள். என் முறை வந்தது. பூங்காவனம் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். எப்போது வாங்கினாளோ.

எழுதி முடித்து, சரிபார்க்க வாசித்தாள். எல்லோருக்கும் வாசிக்கிறாள் போலிருக்கிறது.

உங்களுக்கே தெரியும் சார், எங்கள் பக்கத்துப் பெண்கள் கட்டியவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கல்யாணத்தன்று தோழிகள் கேலி செய்து கேட்டபோதுகூட அவள் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது பக்கத்தில் இருந்தவளைச் சொல்லச் சொன்னாள். முப்பது வருடம். என்னங்க, இந்தாங்க, கேட்டுச்சா, அவ்வளவுதான் என் பெயர்.

"ஏகாம்பரம்" என்று வாசித்தாள். "தகப்பனார் பெயர் கன்னியப்பன். கூடலம்பாக்கம் மேட்டுத் தெரு. சரியா?"

நல்ல தெளிவாக, வரிசையில் கடைசியில் நின்றவருக்கும் கேட்கிற மாதிரி. அவள் குரலில் என் பெயர் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. யாரோ ஒருவருடைய பெயர் மாதிரி இருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

நான் தலையை ஆட்டினேன். அவள் முத்திரையை வைத்து அழுத்தினாள், தாளை என் பக்கம் தள்ளினாள், கண்ணாடிக்கு மேலே என்னைத் தாண்டிப் பார்த்தாள்.

"அடுத்தவங்க வாங்க."